பேத்தியின் கையில் வந்த வீக்கமும் தாத்தாவின் இருமலும்

கொங்குப் பகுதியிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 3 வயது 2 மாதம். ஜூனில் பிளே ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சளி பிடிக்கிறது. இரண்டு நாள் காய்ச்சல், அப்புறம் இரண்டு மூன்று வாரம் இருமல். இருமல் ராத்திரியிலும் ஓடி விளையாடும்போதும்தான் அதிகம். சோறு இறங்குவதில்லை, ஒரு நாளைக்கு நான்கு பாட்டில் பால் குடிக்கிறாள். எடை 11.9 கிலோ, ஆறு மாதம் முன்பு 11.1. கழுத்தில் பட்டாணி அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மாண்டூ டெஸ்ட் (கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாளில் வீக்கத்தை அளக்கும் காசநோய்க் கிருமிக்கான தோல் சோதனை) எடுத்தார், வீக்கம் 12 மி.மீ. ஈ.எஸ்.ஆர் என்ற இரத்தச் சோதனையில் 34. எக்ஸ்ரே அறிக்கையில் நுரையீரலின் நடுப்பகுதி கொஞ்சம் தூக்கலாகத் தெரிவதாக எழுதியிருக்கிறது. "பிரைமரி காம்ப்ளக்ஸ், ஆறு மாதம் மாத்திரை" என்று சொல்லிவிட்டார். குழந்தைகளின் ஆரம்பக் காசநோயை (டிபி) அப்படிச் சொல்வார்கள்.

"நம்ம வீட்டுல எல்லாப் பிள்ளைகளும் அந்த மருந்து குடிச்சதுதான், குடிச்சா பசி எடுக்கும்" என்கிறார் மாமியார். பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட பிள்ளைக்கு டிபி வராது, அந்த ஊசியால்தான் மாண்டூ வீங்கியது என்று கணவர் எங்கோ படித்திருக்கிறார். இன்னொரு கருத்துக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். இரைப்பையிலிருந்து வயிற்று நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற மருத்துவர்கள், மலச் சோதனை பற்றிய ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்றும் கேட்டிருக்கிறார்கள். "என் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று கணவர் கோபப்பட்டுத் திரும்ப அழைத்து வந்துவிட்டார். மாத்திரை டப்பா பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. கொடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

கடிதம் முடிந்து, கீழே ஓரமாக ஒரு வரி: "மாமனாருக்கு ரெண்டு மாசமா இருமல். பீடி குடிக்கிறவர், அதனாலதான்னு சொல்றாங்க. பாப்பா ராத்திரி அவர்கூடத்தான் தூங்குறா."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமானது. மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்குக் காசநோய் பெரும்பாலும் கூடவே இருக்கும் ஒரு பெரியவரிடமிருந்துதான் வருகிறது. ஒரே அறையில், பக்கத்தில் படுத்து, பல வாரம் அவர் இருமும் காற்றைச் சுவாசிப்பதால் வருகிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு டிபி இருக்குமா என்ற கேள்வி வந்தால் நான் முதலில் கேட்பது, "வீட்டில் யார் இருமுகிறார்கள்?" என்பதுதான். உங்கள் மருத்துவர் கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இரண்டு மாதம் இருமுகிறவருக்குப் பீடியும் காரணமாக இருக்கலாம், காசநோயும் காரணமாக இருக்கலாம். பார்த்துத் தெரியாது. சளியைச் சோதித்தால் தெரிந்துவிடும். அந்தச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிபிநாட், ட்ரூநாட் என்று சொல்லும் கருவிகளில் சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று தெரிகிறது. முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதும் தெரிகிறது.

இது பாப்பாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த வயதுக் குழந்தையின் உடலில் கிருமிகள் மிகக் குறைவு. நோய் இருந்தாலும் சோதனையில் கிருமி சிக்காமல் போகும். உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் தீவிரமில்லாத காசநோய் உள்ள 1,204 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நம் நாட்டில் சென்னையும் புனேயும் அதில் பங்கேற்றன. அந்தக் குழந்தைகளிலேயே 14 சதவீதம் பேருக்குத்தான் கிருமியை நேரடியாகக் காட்ட முடிந்தது. மற்றவர்களுக்கு அறிகுறி, எக்ஸ்ரே, மாண்டூ, வீட்டில் நோயாளி உண்டா என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு எடுத்தார்கள். பெரியவரின் சளியில் கிருமி கிடைத்தால், பேத்திக்கு வந்திருக்கக்கூடியதும் அநேகமாக அதே கிருமிதான். எந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று. தாத்தாவைக் கவனிக்காமல் பேத்திக்கு மட்டும் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தால், மருந்தை நிறுத்திய பிறகு அவளுக்கு மறுபடியும் தொற்றலாம்.

மாண்டூ சொல்வதும் சொல்லாததும்

மாண்டூ டெஸ்ட் காசநோய் இருப்பதைக் காட்டும் சோதனை என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். மிகப் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் கிருமியின் அறிமுகம் உடலுக்கு ஏற்கெனவே உண்டா என்பதை மட்டும்தான் அது காட்டும். கிருமி உள்ளே போவது வேறு, நோயாக மாறுவது வேறு. பெரும்பாலானவர்களுக்கு உடலே கிருமியை அடக்கி வைத்துவிடும். நீறு பூத்த நெருப்பு மாதிரி அது உள்ளேயே கிடக்கும். சிலருக்கு மட்டும் கனன்று நோயாகும். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்ற பெயரும் கிருமி முதலில் இறங்கிய இடத்தையும் அதையொட்டி வீங்கிய நெறியையும்தான் குறிக்கிறது. பலருக்கு அது எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஆறிப்போகிறது. நம் ஊரில் அடிக்கடி சளி, பசியின்மை, மெலிவு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது வருத்தமான கதை.

ஆனால் வயது குறையக் குறைய ஆபத்து கூடும். மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதிய குறிப்புகளை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். தொற்று வாங்கிய ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நோயாக மாறியது. 2 முதல் 5 வயதில் அது சுமார் 5 சதவீதம். உங்கள் மகள் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறாள். பதற வேண்டியதில்லை, ஆனால் அசட்டையாகவும் இருக்கக் கூடாது.

கணவர் சொன்ன பிசிஜி விஷயத்துக்கு வருகிறேன். பிசிஜியால் மாண்டூ வீங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பிறந்தவுடன் போட்ட ஊசியின் தாக்கம் ஆண்டுகள் போகப் போக மங்கிவிடும். 3 வயதில், வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டிருக்கும்போது, 12 மி.மீ.யைப் பிசிஜியின் மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருக்க மாட்டேன். பிசிஜி போட்டால் டிபி வராது என்பதும் சரியில்லை. இதைச் சோதித்த உலகின் மிகப் பெரிய ஆய்வு நம் பக்கத்தில்தான் நடந்தது. 1968-இல் தொடங்கி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் சுமார் 2.6 லட்சம் பேரை வைத்து நடத்தினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்றுதான் அதில் தெரிந்தது. சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடல் முழுவதும் பரவியும் வரும் கொடிய வகைகளிலிருந்து பிசிஜி நல்ல பாதுகாப்புத் தருகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகத்தான் இன்றும் போடுகிறோம்.

அந்த 12 மி.மீ. எப்படி அளந்தது என்பதையும் கேளுங்கள். ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை அளக்கக் கூடாது, கையால் தடவி, கட்டியாகத் தடித்திருக்கும் இடத்தை மட்டும் அளக்க வேண்டும். எத்தனை யூனிட் மருந்து போட்டார்கள் என்பதும் தெரிய வேண்டும். 2 யூனிட்தான் பரிந்துரை, 5 வரை ஏற்கலாம். சில ஆய்வகங்களில் 10 யூனிட் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் வீக்கம் பெரிதாகத்தான் வரும், அந்த அளவை நம்பி முடிவெடுக்க முடியாது.

மற்ற அறிகுறிகள்

ஈ.எஸ்.ஆர் எந்தச் சளிக்கும் ஏறும், இரத்தசோகைக்கும் ஏறும். காசநோயை முடிவு செய்ய அது உதவாது. கழுத்தில் பட்டாணி அளவில் உருளும் நெறி, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகள் பலருக்கு இருக்கும். பெரிதாகிக்கொண்டே போனாலோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ காட்டுங்கள். எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை, அழுது நெளியும் குழந்தைக்குச் சற்றே சாய்ந்து எடுத்தாலும் நடுப்பகுதி தூக்கலாகத் தெரியும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படத்தையே வாங்கி, குழந்தைகளின் எக்ஸ்ரே அதிகம் பார்க்கும் ஒருவரிடம் காட்டுங்கள். படத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

சளிக்கு வருகிறேன். முதல்முறை பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒரு சளிக்கு இருமல் எவ்வளவு நாள் நீடிக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. 10-இல் 9 குழந்தைகளுக்கு இருமல் 25 நாளுக்குள் முழுசாக நின்றது. மூன்று வாரத்துக்கு ஒரு சளி, ஒவ்வொன்றுக்கும் 25 நாள் வரை இருமல் என்றால் பெற்றோருக்கு அது நிற்காத ஒரே இருமலாகத்தானே தெரியும்? காசநோய் இருமல் அப்படி விட்டுவிட்டு வராது. இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாமல் இருக்கும். கூடவே இரண்டு வாரத்தைத் தாண்டிய காய்ச்சலோ, எடை குறைவதோ, விளையாட்டில் ஆர்வமில்லாமல் சோர்ந்து கிடப்பதோ இருக்கலாம். உங்கள் மகள் இடைப்பட்ட நாட்களில் நன்றாக ஓடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் 800 கிராம் ஏறியிருக்கிறாள். இந்த வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ ஏற வேண்டும், கொஞ்சம் குறைவுதான். ஆனால் எடை இறங்கவில்லை, வளர்ச்சி அட்டவணையில் கீழ்க்கோட்டைத் தாண்டிக் கீழே போகவும் இல்லை.

ராத்திரியும் ஓடும்போதும் வரும் இருமல் என்றவுடன் எனக்கு வீசிங் ஞாபகம் வந்தது. பயிற்சிக் காலத்தில் இதே மாதிரி ஒரு சிறுவனுக்கு ஆறு மாத டிபி மருந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். மருந்து முடிந்தும் இருமல் நிற்கவில்லை. அவனுக்கு இருந்தது ஆஸ்துமா. இன்ஹேலர் கொடுத்த இரண்டாவது வாரம் ராத்திரி முழுக்கத் தூங்கினான் என்று அவன் அம்மா வந்து சொன்னார். ஆறு மாதம் அந்தப் பிள்ளை தூங்காமல் இருமியது இன்னும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மருத்துவரிடம் ஆஸ்துமா பற்றியும் கேளுங்கள்.

பசிக்குப் பெரிய காரணம் அந்த நான்கு பாட்டில் பால்தான் என்று நினைக்கிறேன். பால் வயிற்றை நிறைத்துவிடும், இரும்புச்சத்து அதில் மிகக் குறைவு. இரும்பு குறைந்தால் பசி இன்னும் குறையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் பாருங்கள். பாலை மெல்லக் குறைத்து நாளுக்கு இரண்டு டம்ளரில் நிறுத்துங்கள், பாட்டிலை எடுத்துவிடுங்கள். டிபி மருந்து பசியைத் தூண்டும் மருந்து இல்லை. நோய் இருந்து அது குணமானால் பசி திரும்பும், அவ்வளவுதான்.

மாத்திரையைப் பற்றி

இன்றே பிரித்துக் கொடுக்க வேண்டாம். தூக்கியும் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் கீழே சொல்வதை முடித்துவிட்டு முடிவு எடுக்கலாம். நான் குழந்தையைத் தொட்டுப் பார்க்கவில்லை, கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்குக் காசநோய் உறுதியானால், பாப்பாவை உடனே முழுதாகச் சோதிக்க வேண்டும். நோய் தெரிந்தால் முழுச் சிகிச்சை. நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து கட்டாயம் வேண்டும். வீட்டில் காசநோயாளி இருக்கும் 5 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், மாண்டூ எந்த அளவாக இருந்தாலும், அதைத் தர வேண்டும் என்பதே நாட்டின் திட்டம். பெரும்பாலும் ஐசோனியசிட் என்ற ஒரே மருந்து, ஆறு மாதம். அலமாரியில் இருக்கும் கூட்டு மருந்து வேறு, இது வேறு.

தாத்தாவின் சளி சுத்தமாக இருந்து, எக்ஸ்ரேயையும் திருப்பிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், சளியையும் வீசிங்கையும் அதற்குரிய முறையில் பார்த்துக்கொண்டு எடையைக் கவனிக்கலாம். பள்ளியிலோ ஸ்கூல் வேனிலோ நாள்பட்ட இருமல் உள்ளவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். அப்போதும் 12 மி.மீ.யை மறந்துவிடக் கூடாது. தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் பேசுங்கள். எக்ஸ்ரேயில் உண்மையிலேயே நெறி தெரிந்தால் வயிற்று நீரைச் சோதிக்காமல் மருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இடையில் யாராவது சளிக்கு லீவோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், வேறு தரச் சொல்லுங்கள். அது டிபி கிருமியைப் பாதி அமுக்கி, சோதனையைக் குழப்பிவிடும்.

விடாத வாந்தி, காரணமில்லாமல் எரிச்சல்பட்டுச் சிணுங்குவது, தூங்கிக்கொண்டே இருப்பது, வலிப்பு, மூச்சு வாங்குவது, இதில் ஏதாவது தெரிந்தால் மட்டும் இந்த இரண்டு வாரக் கணக்கு செல்லாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூளையைத் தாக்கும் காசநோய்க்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

நோய் உறுதியானால் சிகிச்சை முழுவதும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் விதி. பெயர் ஊருக்குள் பரவிவிடுமோ, நாளைக்குப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தடையாகுமோ என்ற பயத்தை மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிவு சிகிச்சைக்கும் நோயைக் கண்காணிக்கவும்தான், வெளியாட்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பள்ளியை நிறுத்தவும் வேண்டாம். இந்த வயதுக் குழந்தைகள் மற்றவர்களுக்குப் பரப்புவது அபூர்வம்.

ஆய்வில் சேர்வது பற்றி

கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே கேட்டது என்ன என்று பாருங்கள். குழந்தைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுகிறார்கள். அதனால்தான் விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீரை எடுக்கிறோம். குழந்தைக்கும் கஷ்டம், பார்க்கிற தாய்க்கும் கஷ்டம். விழுங்கிய சளிதானே மலத்திலும் வரும், அதைச் சோதித்தால் போதாதா என்று ஆராய்ந்தார்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் மலத்தைச் சோதிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அது எந்த அளவு குழாய்க்கு ஈடாகும் என்பதைத்தான் உங்கள் மருத்துவமனையில் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. குழாய்ச் சோதனை உங்கள் மகளுக்கு எப்படியும் தேவைப்படலாம். ஆய்வுக்காகக் கூடுதலாகக் கேட்பது ஒரு டப்பா மலம்.

சேருங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. தமிழில் எழுதிய தகவல் தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். கூடுதலாக என்ன எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்களா, புது மருந்து ஏதாவது உண்டா, முடிவை உங்களுக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள். சேர மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். இதில் எதற்காவது மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்னால் சொன்ன 1,204 குழந்தைகளின் பெற்றோரும் இப்படி யோசித்துத்தான் சம்மதித்திருப்பார்கள். தீவிரமில்லாத நோய்க்கு 4 மாத மருந்து 6 மாத மருந்துக்குக் குறைந்ததில்லை என்று அந்த ஆய்வு 2022-இல் காட்டியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையை மாற்றியது. சென்னைக் குழந்தைகளும் சேர்ந்து, உலகம் முழுக்க எத்தனையோ குழந்தைகளுக்கு இரண்டு மாத மாத்திரையை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். இதைக் கணவரிடம் சொல்லுங்கள்.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது

மருமகள் போய் மாமனாரிடம் "உங்களுக்கு டிபி இருக்கலாம்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்ல வேண்டாம், கணவர் சொல்லட்டும். "பாப்பாவுக்குச் சோதனை பண்றாங்க, வீட்டுல எல்லாரும் பண்ணிக்கணுமாம்" என்று தொடங்கினால் போதும், அது உண்மையும்கூட. வீட்டில் எல்லோரையும் விசாரித்து, தேவையானவர்களைச் சோதிப்பது வழக்கம்தான்.

முடிவு வரும்வரை பாப்பா உங்களோடு தூங்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது அவர் துண்டால் வாயை மூடிக்கொள்ளட்டும். நோய் என்றே தெரிந்தாலும் அவரைத் தோட்டத்துச் சாளைக்கு அனுப்பிவிடாதீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வில் நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் அதே போலக் குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் பரவுவது வேகமாகக் குறையும். மருத்துவர் சரி என்று சொன்னதும் பேத்தி பழையபடி அவர் மடியில் உட்காரலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு டப்பா தருவார்கள். ஒன்றில் அங்கேயே சளி கொடுக்க வேண்டும். இன்னொன்றில் மறுநாள் காலை எழுந்தவுடன், வாயைக் கொப்பளித்துவிட்டு, வாசலிலோ திண்ணையிலோ காற்றோட்டமாக நின்று எடுக்க வேண்டும். எச்சில் வேண்டாம், நன்றாக மூச்சை இழுத்து அடியிலிருந்து இருமி வரும் சளி வேண்டும். அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். முடிவு வந்ததும், எக்ஸ்ரே படத்தோடு எனக்கு எழுதுங்கள்.